பன்னிரண்டடிப் பாதை

கொல்லம் 1129 கார்த்திகை 20, அதாவது 1953 டிசம்பர் முதல் வாரம், இலுப்பைக்கால் பஞ்சாயத்து ஆபீசில் நடந்த கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

தலைவர் நாராயணபெருமாள்.
உறுப்பினர் சத்தியநேசன்.
நாகர்கோவிலிலிருந்து வந்த ஓவர்சியர்.
எழுத்தர் குமாரதாஸ்.
பொதுமக்கள் தரப்பில், சைக்கிள் கடை தங்கப்பன்.
மற்றும் சுந்தரராஜ், தொழில் இல்லை.

மற்ற நான்கு உறுப்பினர்களும் வரவில்லை. அவர்கள் கையெழுத்து மட்டும் மறுநாள் வந்தது.

தொழில் இல்லாத சுந்தரராஜ் நான்தான். வடக்கே ஒரு பஞ்சாலையில் நான்கு வருஷம் ராத்திரி ஷிப்டு பார்த்தேன். ஒருநாள் விடியற்காலையில் வெளியே வந்தவன் திரும்பி உள்ளே போகவில்லை. ஏன் என்று கேட்டால் என்னிடம் காரணம் இல்லை. ஊரில் நிறைய காரணங்கள் இருந்தன. எதையும் நான் மறுக்கவில்லை.

ஊரிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போகும் கால்வாய்க்கரையை, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் வசதியாகச் செப்பனிடுவதைப் பற்றித்தான் கூட்டம். கரை ஒரு மைல் நீளம். இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் வயல், நடுவில் மூன்றடி களிமண். ஐப்பசி மழையில் நடப்பவன் இடது பக்கம் சறுக்கினால் குளிப்பான், வலது பக்கம் சறுக்கினால் நாற்றோடு நாற்றாக நிற்பான். சைக்கிள்காரன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவான். எது எதன்மேல் சவாரி செய்கிறது என்று சொல்ல முடியாது.

தலைவர் அந்தக் கரையில் ஒருநாளும் நடந்தவரில்லை. அவருடைய வில்வண்டி கிழக்கு ரோட்டைச் சுற்றிப் போகும். ஆகவே விருப்பு வெறுப்பு இல்லாமல் பேச அவரால் முடிந்தது.

“நடக்குத ஜனத்துக்கும் ஒரு ராஜபாட்டை வேணும்” என்றார்.

“கொள்ளாம்” என்றார் சத்தியநேசன். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர். எதற்கும் ‘நல்லது’ என்கிற அர்த்தத்தில் கொள்ளாம் என்பார். அதனால்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தங்கப்பன் எழுந்து நின்றார். நெற்றியில் அய்யாவழி நாமம், தலையில் துண்டு. கரை தொடங்கும் இடத்தில், கால்வாய்ப் புறம்போக்கில் அவருடைய ஓலைக் கூரைக் கடை இருந்தது. ஒன்பது வாடகை சைக்கிள்கள். ஒவ்வொன்றின் மட்கார்டிலும் ‘அய்யா துணை’ என்று எழுதி, அடியில் நம்பர் போட்டிருக்கும். அவரும் மனைவி அன்னக்கிளியும் மூன்று பெண்பிள்ளைகளும் பதினோரு வருஷமாக அந்த ஒன்பது சைக்கிளில்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். நிலம் என்று ஒரு சாண் கிடையாது, குடியிருந்த வீட்டில் ஒரு வண்டி நிறுத்தவும் இடமில்லை.

“எத்தர அடி அகலத்துக்குப் போடுவிய?” என்று கேட்டார். கல்யாண வீட்டில் பாயசம் உண்டா என்று கேட்கிறவனின் முகம்.

ஓவர்சியர் சர்க்குலரைப் பிரித்தார். கோட்டயம் பக்கத்து ஆள், எங்கள் தமிழைக் கொஞ்சம் தயங்கித்தான் பேசுவார். ஏதாவது ஒருநாள், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, அந்த வழியாகப் போகிற வருகிற ஆட்களை எண்ண வேண்டும். இருநூறுக்குக் கீழே என்றால் பாதை கிடையாது. ஐந்நூறு வரை நாலடி. ஆயிரம் வரை ஆறடி. இரண்டாயிரம் வரை எட்டடி. அதைத் தாண்டினால் பன்னிரண்டடி.

“எந்தத் திவசம் எண்ணலாம்?” என்று நாள் கேட்டார்.

குமாரதாஸ் நாட்காட்டியைப் புரட்டினார். “எனக்கு ஆபீஸ் நாளுல பற்றாது. மார்கழி அஞ்சு ஆபீஸ் அடைப்பு. அன்னைக்கு வச்சா எண்ணதுக்கு ஒரு தடையும் இல்ல.”

“அப்ப மார்கழி அஞ்சு” என்றார் தலைவர்.

“கொள்ளாம்” என்றார் சத்தியநேசன்.

ஓவர்சியர் தேதியைக் குறித்துக்கொண்டார். மார்கழி ஐந்து சுசீந்திரத்தில் தேரோட்டம். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஏன் ஆபீஸ் அடைப்பு என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால் யாரும் சொல்லவுமில்லை. மேற்கே உள்ள ஏழெட்டு ஊர்க்காரர்கள் பூராவும் சுசீந்திரத்துக்குப் போவது அந்தக் கரை வழியாகத்தான். எனக்கு அது தெரியும். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மில்லில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்துக் குமாரதாஸ் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

“வேய், எனக்குத் தேருக்குப் போகணும். வருசத்துக்கு ஒருநாளு வாறது. நீரு சர்ச்சுக்குப் போற வேதக்காரரு, உமக்குத் தேரும் இல்ல, ஒரு சோலியும் இல்ல. இருந்து எண்ணிப்போடும்.”

மறுக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

*

தங்கப்பன் எனக்குக் கடை பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார். ஒன்பது சைக்கிளும் ஐந்து மணிக்கே வாடகைக்குப் போய்விட்டன. ஆகவே அவரும் சும்மா இருந்தார். நடப்பவர்களுக்கு நான் நோட்டில் கோடு போடுவது என்றும், சைக்கிளுக்கு அவர், சக்கரத்துக்குள் போடுகிற பால்ஸ் குண்டு ஒன்றை டப்பாவில் போடுவது என்றும் வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

ஆறே காலுக்குக் கூட்டம் தொடங்கியது. ஏழு மணிக்கு என் கை வலித்தது. குடும்பம் குடும்பமாக, புதுத்துணியும் எண்ணெய்த் தலையுமாக, மூன்றடிக் களிமண்ணில் எறும்பு வரிசைபோல வந்தார்கள்.

“அந்தப் பிள்ளைய விட்டுட்டீரே” என்றார் தங்கப்பன்.

“அது இடுப்புல இருக்கு அண்ணாச்சி. நடக்கல்லியே.”

“நாளைக்கு நடக்குமா இல்லியா? எழுதும்வேய். நம்ம பாதைக்காக்கும்.”

எழுதினேன். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி வந்தபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு கோடுதான் போட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

எட்டு மணிக்கு யானை வந்தது. பாகன் மேலே உட்கார்ந்திருந்தான்.

“இதுக்கு என்ன கணக்கு?” என்று கேட்டேன்.

“பாகன் ஒண்ணு. ஆனைக்கு நாலு காலில்லா, அதுக்கு ரெண்டு. கூட்டி மூணு போடும்.”

“ஓவர்சியர் கேட்டா?”

“ஆனை நடந்துச்சா பறந்துச்சா? பின்ன என்ன கேக்க இருக்கு?”

மத்தியானம் பால்ஸ் தீர்ந்துவிட்டது. டப்பாவைக் கொட்டி, தாளில் எண்ணிக்கையைக் குறித்துவிட்டு, அதே பால்ஸை மறுபடியும் போட்டார். பின்னேரம் அத்தனை பேரும் அதே வழியாகத் திரும்பினார்கள். அவர்களையும் எண்ணினோம். சர்க்குலரில் ‘போகிற வருகிற’ என்றுதான் இருந்தது.

அன்னக்கிளி கஞ்சி கொண்டு வந்தாள். என் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“இதென்ன, மாவு இல்லாம கோலம் போட்டிருக்கியளா?”

“போடி, ஒனக்கு என்ன தெரியும்?” என்றார் தங்கப்பன். “பாதை வந்தா மழைக்காலத்துலயும் சைக்கிளு ஓடும். இன்னும் நாலு வண்டி எடுக்கலாம். மூத்தவளுக்கு மாப்பிள பாக்கதுக்கும் ஒரு வழி வரும்.”

அவள் சிரித்தாள். அவர்கள் வீட்டில் அந்த வருஷம் அவ்வளவு சிரிப்புப் போதும் என்று நினைத்தாளோ என்னவோ, உடனே நிறுத்திக்கொண்டு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆறு மணிக்குக் கூட்டிப் பார்த்தோம். நடந்தவர்கள் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. சைக்கிள் நூற்றெண்பத்தேழு. குமாரதாஸ் மறுநாள் அதை அழகான கையெழுத்தில் பெயர்த்து எழுதினார். திருநீறு பூசிய நெற்றியோடு தலைவர் கையெழுத்துப் போட்டார். திருவனந்தபுரத்துக்குப் போன தாளில் தேதி மட்டும் இருந்தது, தேர் இல்லை.

*

சித்திரையில் சாங்ஷன் வந்தது. பன்னிரண்டடி. ஜில்லாவிலேயே இத்தனை அகலமான நடைபாதை வேறெங்கும் இல்லை என்று தலைவர் சொன்னார். யாரும் போய் அளந்து பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஓவர்சியர் சங்கிலியும் முளைக்குச்சிகளுமாக வந்தார். கால்வாயை நகர்த்த முடியாது. ஆகவே தண்ணீர் ஓரத்திலிருந்து பன்னிரண்டடி வலது பக்கமாக, புறம்போக்கு எல்லைக்குள்ளேயே அளந்தார்கள். முதல் முளையே தங்கப்பனின் கடைக்குள் விழுந்தது. பஞ்சர் ஒட்டுகிற தொட்டிக்குப் பக்கத்தில், நான் உட்கார்ந்து எண்ணிய பெஞ்சுக்கு நேர் கீழே.

தங்கப்பன் பம்பும் கையுமாக நின்றார்.

“இதென்ன சார், குச்சிய உள்ள அடிக்கிய?”

“பாதையோட எல்லை.”

“அப்ப கடை?”

ஓவர்சியர் வரைபடத்தைப் பார்த்தார். “கடை பாதையில ஆக்கும்.”

“பதினோரு வருசமா கடை இஞ்சதான் இருக்கு. பாதைதான் சார் இப்ப வருது.”

அன்றிரவு அவர் வீட்டில் யாரும் விளக்கைக் கொளுத்தவில்லை என்று பக்கத்து வீட்டு சொர்ணம்மாள் சொன்னாள். காலையில் என்னைத் தேடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு புது நோட்டைத்தான் நீட்டினார்.

“மக்கா, மறுபடி எண்ணணும். சும்மா ஒருநாளு. புதன்கிழமை.”

எண்ணினோம். பெஞ்சு அதேதான், முளைக்குச்சி கால் பெருவிரலில் இடித்துக்கொண்டிருந்தது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, நடந்தவர்கள் இருநூற்றுப் பதினொன்று. சைக்கிள் இருபத்தாறு. அதில் பத்தொன்பது, தங்கப்பனின் ஒன்பது வாடகை வண்டிகளே திரும்பத் திரும்பப் போய்வந்தது. இடுப்புப் பிள்ளைகளை இந்த முறை அவரே விட்டுவிடச் சொன்னார்.

“நாலடி” என்றார். “நாலடிக்குத்தான் ஆளு. நாலடி போட்டா கடை நிக்கும்.”

*

இரண்டாவது கூட்டத்துக்கும் அதே ஆட்கள்தான் வந்திருந்தோம். தங்கப்பன் நோட்டை மேஜைமேல் வைத்தார். தலைவர் அதைத் தொடவில்லை.

“ஓய் தங்கப்பா, முன்னால எண்ணினது ஆரு?”

“நாங்கதான்.”

“இப்ப எண்ணினது?”

“நாங்கதான்.”

“ஆறாயிரம் பேருண்ணு சொன்னதும் நீரு. இருநூறு பேருண்ணு சொல்லதும் நீரு. சர்க்காரு எதை நம்பும்?”

“அது தேரன்னைக்கு எண்ணினது, தலைவரே. வருசத்துக்கு ஒருநாளு வாற கூட்டமில்லா?”

“வரட்டும். அந்த ஒருநாளும் அவனுவ நடக்கணுமா வேண்டாமா? ஆறாயிரம் பேருக்க வழிய ஒரு ஓலைக் கடைக்காகக் குறுக்கினேன்னு என் பேருல வரணுமா?”

ஓவர்சியர் தன் பங்குக்குச் சொன்னார். “அகலம் குறைச்சா சாங்ஷன் திரும்பிப் போகும். பின்ன புதுசா ஃபைல் வேணும். ரெண்டாவது எண்ணினதுக்குப் பஞ்சாயத்துத் தீர்மானமும் இல்ல.”

“அப்ப கடை இருக்க இடத்துல மட்டும் கொஞ்சம் ஒடுக்கினா?”

“அது பற்றாது. முழு நீளத்துக்கும் ஒரே அகலம்.”

தங்கப்பன் கடைசியாக ஒன்று கேட்டார். கடைக்குப் பின்னால் தலைவரின் தென்னந்தோப்பு. அதில் ஒன்பதடி விட்டுக்கொடுத்தால் கடையை அப்படியே பின்னால் நகர்த்திக்கொள்ளலாம். வாடகை என்ன சொன்னாலும் தருகிறேன் என்றார்.

தலைவர் நல்ல மனிதராகத்தான் பதில் சொன்னார். “அது பட்டா வஸ்து ஆக்கும், தங்கப்பா. பொதுக்காரியத்தையும் சொந்தக்காரியத்தையும் நான் கலக்கமாட்டேன்.”

சத்தியநேசன் வாயைத் திறந்தார். எல்லோரும் பார்த்தோம். அவர் தங்கப்பனைப் பார்த்தார், ஓவர்சியரைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு “கொள்ளாம்” என்றார்.

நானும் பேசியிருக்கலாம். மார்கழி ஐந்து தேர் என்று கார்த்திகையிலேயே எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பெயருக்கு எதிரே இருந்த ‘தொழில் இல்லை’ கொஞ்சம் நீண்டிருக்கும், வேறொன்றும் நடந்திருக்காது. இப்படி நினைத்து நான் சும்மா இருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அது சரியான நினைப்பு என்று சொல்லவில்லை.

தீர்மானம் இரண்டு நிறைவேறின. ஒன்று, கடையை அகற்றுவது. இரண்டு, ஆட்களை எண்ணுவதில் தங்கப்பன் செய்த உதவிக்கு நன்றி தெரிவிப்பது. பஞ்சாயத்துக்கு நன்றிக்கடன் உண்டு என்று காட்ட, ஆபீசுக்குப் பின்னால் உள்ள மாட்டுப் பவுண்டு அறையில் சைக்கிள்களை வைத்துக்கொள்ளவும் அனுமதித்தார்கள். பயிர் மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற அறை அது. அப்போது மாடு எதுவும் இல்லை.

*

பாதை தை மாதக் கடைசியில் முடிந்தது. செம்மண், அதன்மேல் சரல், அதன்மேல் கல் உருளை. பலகை போல இருந்தது. பெரிய பாதைதான், அதை நான் குறை சொல்லமாட்டேன்.

மாசியில் திறப்பு விழா. தலைவர் சைக்கிளில் ஏறிப் பாதையைத் திறந்து வைப்பதாக நோட்டீசில் இருந்தது. அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஊரில் வாடகை சைக்கிள் இருந்ததும் ஒரே இடத்தில்தான். பவுண்டு அறையைத் திறந்து, மூன்றாம் நம்பர் வண்டியைத் துடைத்து, மாலை போட்டு, தலைவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் பிடித்துக்கொள்ள, தங்கப்பன் பின்னால் கேரியரைப் பிடித்துத் தள்ளினார். மேளம் முன்னால் போனது. தேருக்குப் போடுவதுபோலச் சக்கரத்துக்குச் சறுக்குக் கட்டை போட ஆள் இல்லாததுதான் குறை.

“பைய, பைய, விட்டுராதே” என்றார் தலைவர்.

“விடமாட்டேன் தலைவரே” என்றார் தங்கப்பன். நூறடி தள்ளினார். அவர் கடை நின்ற இடத்தின்மேல்தான் முதலில் சக்கரம் ஏறியது.

அந்த மாசியிலேயே கும்பப்பூ நெல் அறுப்பும் வந்தது. பன்னிரண்டடி அகலத்தில், மேடு பள்ளமில்லாமல், வெயில் நேராக விழுகிற ஒரு மைல் இடத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரனுக்கு என்ன தோன்றும்? தலைவரின் நெல்தான் முதலில் காயப்போடப்பட்டது. பிறகு எல்லாருடைய நெல்லும். நெல்லுக்கு அப்பால் வைக்கோல். நெல்லை மிதித்து நடப்பது எங்கள் பக்கம் பாவம். ஆகவே நடப்பவர்கள் பாதையிலிருந்து இறங்கி வயல் வரப்பில் நடந்தார்கள். வரப்பு ஒன்றரை அடி. பஸ் பிடிக்கப் போகிற பள்ளிக்கூட வாத்திச்சி ஜெபகுமாரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பன்னிரண்டடிப் பாதையைப் பார்த்தபடியே சேற்றில் போவாள்.

“கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு” என்றாள் ஒருநாள் என்னிடம்.

நெல்லுக்கு ராத்திரிக் காவல் இருக்க என்னைக் கேட்டார்கள். ராத்திரி வேலை நான் பார்ப்பதில்லை என்றேன். ஊருக்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

*

பவுண்டு அறைக்கு ஒரு பதிவேடு உண்டு. உள்ளே அடைக்கிற எதையும் குமாரதாஸ் அதில் எழுதி, வெளியே விடும்போது கையெழுத்து வாங்க வேண்டும். அறை சைக்கிள் அறையாக மாறியது, பதிவேடு மாறவில்லை. காலை பத்து மணிக்கு ஆபீஸ் திறந்ததும் தங்கப்பன் போய் நிற்பார்.

“இனம்?” என்பார் குமாரதாஸ், பேனாவை மையில் தோய்த்தபடி.

“சைக்கிள்தான் சார். நேத்தும் சைக்கிள்தான்.”

“நிறம் கறுப்பு. கொம்பு…” ஹாண்டில்பாரைப் பார்ப்பார். “கொம்பு ரெண்டு, வளைஞ்சது. காதுல அடையாளம்?”

“மட்கார்டுல ‘அய்யா துணை’ண்ணு இருக்கும்.”

“அது போதும்.”

ஒன்பது வண்டிக்கும் எழுதி முடிக்க பதினொன்றாகும். வாடகை சைக்கிள் கேட்கிறவன் வடசேரிச் சந்தைக்குக் காலை நாலரை மணிக்குப் போகிறவன். பதினொரு மணிக்குச் சைக்கிள் கேட்கிறவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான், எனக்குப் போக இடமில்லை. மாலை ஐந்துக்கு எல்லா வண்டியும் உள்ளே வந்தாக வேண்டும். வாடகைக்கு எடுத்த ஒன்றிரண்டு பேரும், திருப்பிக் கொண்டுவந்த நேரத்துக்கு ஆபீஸ் பூட்டிவிட்டது என்று வண்டியை ராத்திரி முழுக்கத் தெருவில் போட்டார்கள். ஏழாம் நம்பரின் சீட்டைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். பங்குனிக்குள் ஒன்பதில் ஐந்து வண்டியை விற்றார். மூத்தவளைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள், கடை எங்கே என்று ஒரு தடவை கேட்டார்கள். பிறகு கேட்கவில்லை.

சித்திரை முதல் வாரத்தில் மேலே இருந்து ஒரு கடிதம் வந்தது. பாதையில் எத்தனை சைக்கிள் போகிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை எண்ணி அனுப்ப வேண்டுமாம். குமாரதாஸ் அதை என்னிடம் காட்டினார்.

“மார்கழில வச்சுக்கிடலாம்ணு தலைவரு சொன்னாரு. ஆபீஸ் அடைப்பு நாளுல.”

“எண்ண ஆளு?”

“நீருதான் இருக்கீரே.”

அப்போது தங்கப்பன் வந்தார். பட்டறையில் விட்டிருந்த ஒன்பதாம் நம்பர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். முன் சக்கரம் புதுசாக இருந்தது. மறுநாள் காலை நாலு மணிக்கு ஒருவர் வண்டி கேட்டிருக்கிறார். களியக்காவிளைக்குப் பெண் அழைக்கப் போகிற கூட்டம், நாலு வண்டியும் வேண்டுமாம். ஆகவே உள்ளே இருந்த மூன்றையும் அன்றைக்கே வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

குமாரதாஸ் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். ஐந்தாக இரண்டு நிமிஷம்.

“எழுதாம வெளிய விட முடியாது. எழுதணும்னா நாளைக்குப் பத்து மணி.”

“மூணு வண்டிக்கு ரெண்டு நிமிசம் போதும் சார். கொம்பு எல்லாத்துக்கும் ஒண்ணுதானே.”

“விதி அப்படி இல்ல தங்கப்பா. வண்டிய உள்ள வையும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் ஒன்பதாம் நம்பரைத் தள்ளிக்கொண்டு பவுண்டு அறைக்குள் போனார். உள்ளே ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அவர் வெளியே வரவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார் போலிருக்கிறது; அது நிற்கிறவரை சத்தம் வந்தது. பிறகு பம்பை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“இது மாடு இல்ல சார், எழுதாண்டாம்” என்றார்.

குமாரதாஸ் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். தங்கப்பன் படி இறங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் குமாரதாஸ் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.